வானத்தில் மர்ம ஒளி: வீடியோ நிஜமா, போலியா? கண்டுபிடிப்பது எப்படி?

2011 ஜனவரி 28. நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஜெருசலேம் பழைய நகரைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மேட்டில் இருவர் நிற்கிறார்கள். தூரத்தில் பொன்னிறக் குவிமாடம் கொண்ட ‘டோம் ஆஃப் த ராக்’. அதற்கு மேலே ஒரு வெள்ளை ஒளிப்பந்து மெல்ல இறங்குகிறது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. பளிச்சென்று ஒரு மின்னல். அடுத்த நொடி சர்ரென்று மேலே பாய்ந்து காணாமல் போகிறது.

இந்த வீடியோ யூடியூபுக்கு வந்த சில நாட்களிலேயே, அதே ஒளியை வேறு கோணத்தில் எடுத்ததாக இன்னும் சில வீடியோக்கள் வந்துவிட்டன. ‘ஒருத்தர் எடுத்தா பொய்யா இருக்கலாம், நாலு பேர் எடுத்தா எப்படிப் பொய்யாகும்?’ என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடியோக்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு விடை வேறு மாதிரி கிடைத்தது.

இன்று இதுபோன்ற வீடியோ வாரத்துக்கு ஒன்றாவது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. ‘ஏலியன்’, ‘ஏவுகணை’, ‘டிரோன் தாக்குதல்’ என்று தலைப்பு மட்டும் மாறுகிறது. இதில் எது நிஜம், எது எடிட்டிங், எது ஏஐ என்று கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஒளியைப் பார்க்காதீர்கள், மற்றதைப் பாருங்கள்

வீடியோவில் ஒரு வெள்ளைப் புள்ளியைச் சேர்ப்பது ரொம்ப சுலபம். எடிட்டிங் பழகத் தொடங்கிய ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். அந்த ஒளி சுற்றுப்புறத்தில் என்னவெல்லாம் செய்யுமோ, அதையெல்லாம் சேர்த்துச் செய்வதுதான் கஷ்டம். நிஜ ஒளி சுவரில் படும், தண்ணீரில் தெரியும், நிழலை நகர்த்தும், கேமராவைத் திணறடிக்கும், ஊரையே அண்ணாந்து பார்க்க வைக்கும். அதனால் போலி வீடியோ பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த ஒளியைச் சுற்றியுள்ள விஷயங்களில்தான்.

ஜெருசலேம் வீடியோக்களில் மாட்டிக்கொடுத்தவை மூன்று.

முதலாவது, ஓரம். கையில் பிடித்து எடுத்த வீடியோ என்றால் லேசாக ஆடும். போலி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் ஆடாத காட்சியை எடுத்துக்கொண்டு, ஒளியைச் சேர்த்துவிட்டு, கடைசியில் சாஃப்ட்வேரில் ‘ஆட்டம்’ சேர்ப்பார்கள். படத்தை இப்படி இடமும் வலமும் நகர்த்தும்போது ஓரத்தில் காலி இடம் தெரியும். அதை மறைக்க, ஓரத்தில் இருப்பதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப்போட்டு நிரப்பும் வசதி எடிட்டிங் சாஃப்ட்வேரில் உண்டு. ஜெருசலேம் வீடியோக்களில் இந்தக் கண்ணாடிப் பிம்பம் ஓரத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நிஜக் கேமரா எவ்வளவு ஆடினாலும் ஊர் ஓரத்தில் மடங்கித் தெரியாது.

இரண்டாவது, பின்னணி. பின்னால் வந்த வீடியோ ஒன்றில் ஊரே அசையாமல் இருந்தது. இரவில் தூரத்து விளக்குகள் காற்றால் லேசாக மினுக்கும், ஏதாவது ஒரு வண்டி நகரும். இதில் எதுவும் இல்லை. பின்னணி ஒரு புகைப்படம், ஆட்டம் சேர்த்து வீடியோ ஆக்கியிருந்தார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: சாட்சி. குவிமாடம் இருக்கும் அதே வளாகத்தின் ஓரத்தில்தான் யூதர்களின் மேற்குச் சுவர் இருக்கிறது. அங்கே 24 மணி நேரமும் பிரார்த்தனைக்கு ஆள் வருவார்கள். நேரலைக் கேமராவும் உண்டு. தலைக்கு மேலே அவ்வளவு பெரிய ஒளி இறங்கி மின்னியிருந்தால் அந்த வளாகமே அல்லோலகல்லோலப்பட்டிருக்க வேண்டாமா? லட்சக்கணக்கானோர் வாழும் ஊரில், யூடியூபில் வீடியோ போட்டவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது எப்படி?

நிஜம் எப்படி இருக்கும்? செல்யாபின்ஸ்க் பாடம்

அடுத்த இரண்டே ஆண்டுகளில் இதற்கு நேர் எதிரான உதாரணம் கிடைத்தது. 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வளிமண்டலத்துக்குள் நுழைந்து வெடித்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, யாரும் தயாராக இல்லை. ஆனாலும் ஏராளமான வீடியோக்கள் கிடைத்தன. கார் டேஷ்போர்டு கேமரா, சிசிடிவி, செல்போன் என்று ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எடுத்தவை அவை.

அந்த வீடியோக்களில் விண்கல்லைவிட நிழலைப் பாருங்கள். ஒளி வானத்தில் நகர நகர, கம்பம், மரம், நின்றிருக்கும் கார் எல்லாவற்றின் நிழலும் தரையில் சுற்றி வருகிறது. வெளிச்சம் உச்சத்துக்குப் போகும்போது சில கேமராக்களில் திரை முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. நகரின் சதுக்கம் ஒன்றில் பதிவான நிழல்கள் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுந்தன என்பதை வைத்தே விண்கல் வந்த பாதையை விஞ்ஞானிகளால் கணக்கிட முடிந்தது.

சத்தமும் ஒரு சாட்சி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் போகும். ஒரு கிலோமீட்டர் கடக்க சுமார் மூன்று வினாடி ஆகும். செல்யாபின்ஸ்கில் வெளிச்சம் வந்து ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்துத்தான் அதிர்வு அலை நகரைத் தாக்கியது. ‘என்ன வெளிச்சம்?’ என்று ஜன்னலருகே போய் நின்றவர்கள் மீது கண்ணாடி உடைந்து தெறித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். வெகுதூரத்தில் வெடிப்பது போன்ற வீடியோவில், ஒளி தெரிந்த அதே நொடியில் ‘டமார்’ சத்தமும் கேட்டால் சந்தேகப்படுங்கள். இடியில்கூட முதலில் மின்னல், பிறகுதானே முழக்கம்?

17 மணி நேரத்தில் ஒரு பறக்கும் தட்டு

‘இவ்வளவு மெனக்கெட்டு யாருங்க போலி வீடியோ பண்ணுவாங்க?’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி. 2007 ஆகஸ்டில் ‘ஹைட்டி யுஎஃப்ஓ’ என்ற பெயரில் ஒரு வீடியோ யூடியூபில் சக்கைப் போடு போட்டது. கடற்கரை, பனை மரங்கள், தலைக்கு மேலே பறந்துபோகும் விசித்திர வாகனங்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அதைச் செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு தொழில்முறை அனிமேஷன் கலைஞர் என்பதை லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழ் கண்டுபிடித்து எழுதியது. ஒரு சினிமா முயற்சிக்கான பரிசோதனை என்றார் அவர். ஒரு லேப்டாப், கடைகளில் கிடைக்கும் ‘வ்யூ’ என்ற இயற்கைக்காட்சி சாஃப்ட்வேர், 17 மணி நேரம். அவ்வளவுதான் செலவு.

அங்கேயும் துப்பு கொடுத்தது பறக்கும் தட்டு அல்ல, பனை மரம். ஒரே மரத்தின் நகல் வேறு வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் இரண்டு மரங்கள் ஓலைக்கு ஓலை ஒரே மாதிரி இருக்குமா?

வீடியோ நிஜம், கதை பொய்

இதுவரை பார்த்தவை தயாரிக்கப்பட்ட காட்சிகள். ஆனால் நமக்கு வரும் ‘மர்ம ஒளி’ வீடியோக்களில் நிறைய, எந்த எடிட்டிங்கும் செய்யாத நிஜ வீடியோக்கள். அதில் இருக்கும் தலைப்புதான் பொய். இவற்றில் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தேடினாலும் குறை கிடைக்காது. எந்த ஊர், எந்தத் தேதி என்று தேடினால்தான் கிடைக்கும்.

2009 டிசம்பர் 9 காலை, வட நார்வே வானத்தில் ஒரு பிரம்மாண்ட வெள்ளைச் சுருள் சுழன்றது. பார்த்தவர்கள் ‘இது கிராஃபிக்ஸ்தான்’ என்றே நினைத்திருப்பார்கள். அவ்வளவு கச்சிதம். ஆனால் அது நிஜம். ரஷ்யா நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து சோதித்த புலாவா ஏவுகணை, மூன்றாம் நிலையில் கோளாறாகிச் சுழன்றபடி புகையைக் கக்கியது. சோதனை தோற்றதை ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2022 டிசம்பர் 15 மாலை, மேற்கு வங்கம், ஒடிசா என்று பல இடங்களில் வானத்தில் டார்ச் அடித்தது போன்ற ஒரு ஒளி தெரிந்தது. ‘யுஎஃப்ஓ’ என்று வீடியோக்கள் பறந்தன. அன்று மாலை ஒடிசா கடற்கரைத் தீவில் இருந்து அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டிருந்தது. தரையில் இருட்டிவிட்டாலும் வெகு உயரத்தில் வெயில் இருக்கும். ராக்கெட்டின் புகை அந்த வெயிலில் பளபளக்கும். சூரியன் மறைந்த பிறகும், விடிவதற்கு முன்பும் இப்படிப்பட்ட காட்சிகள் அதிகம் சிக்குவதற்குக் காரணம் இதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட் கிளம்புவதை மொட்டை மாடியில் நின்று பார்த்த சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல.

அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேச வானத்தில் தீப்பிழம்புகள் வரிசையாக ஊர்ந்து சென்றன. அவை சீன ராக்கெட் ஒன்றின் பாகங்கள். சந்திரபூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது. எரிகல் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். ராக்கெட் குப்பை நிதானமாக, துண்டு துண்டாக, ஒரே பாதையில் போகும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே வரிசையில் ரயில் பெட்டிபோல நகரும் புள்ளிகளா? பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுப்பாக 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டதில் இருந்தே உலகம் முழுக்க இது ‘யுஎஃப்ஓ’ ஆகிக்கொண்டிருக்கிறது. ஏவிய முதல் சில நாட்களில்தான் வரிசை நெருக்கமாகத் தெரியும்.

கேமரா செய்யும் குறும்பு

கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீடியோவில் மட்டும் தெரிகிறதா? அப்படியென்றால் லென்ஸைச் சந்தேகியுங்கள்.

பளிச்சென்ற தெருவிளக்கு ஒன்று ஃப்ரேமில் இருந்தால், அதன் ஒளி லென்ஸுக்குள்ளேயே பட்டுத் தெறித்து, வானத்தில் ஒரு பச்சை அல்லது நீலப் புள்ளியாகத் தெரியும். கண்டுபிடிக்கும் வழி எளிது. விளக்கில் இருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். ‘மர்ம ஒளி’ அந்தக் கோட்டில், நடுப்புள்ளிக்கு மறுபக்கம் இருந்தால் அது பெரும்பாலும் பிரதிபலிப்புதான். போனை அசைக்கும்போது விளக்குக்கு எதிர்த்திசையில் அது நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஃபோகஸ் தவறினால் சின்னப் புள்ளிகூட பெரிய வட்டமாக ஊதிவிடும். ஒளி உள்ளே வரும் துவாரம் எந்த வடிவமோ, அந்த வடிவத்தில் தெரியும். அமெரிக்கக் கடற்படை எடுத்த ‘முக்கோண யுஎஃப்ஓ’ வீடியோ உலகப் புகழ் பெற்றது. வீடியோவை எடுத்தது கடற்படைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த முக்கோணம், இரவுக் காட்சிக் கருவி வழியாக வந்த ஒளியை கேமராவில் பதிவு செய்ததால் உண்டான வடிவம் என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு கடற்படை உளவுப் பிரிவு அதிகாரி விளக்கினார்.

பயம் விற்பனைக்கு: போர்க்கால வீடியோக்கள்

ஏலியன் வீடியோவை நம்பினால் பெரிய நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றலாம். அதே ஒளிப்புள்ளிகளுக்கு ‘தாக்குதல்’ என்று தலைப்பு வைத்தால் கதை மாறிவிடும்.

2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது எல்லையோர ஊர்களில் விளக்கை அணைத்துவிட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்த இரவுகளில், வானத்தில் ஒளிக்கோடுகள் பாயும் வீடியோக்கள் எக்கச்சக்கமாகப் பரவின. அவற்றில் சில, ‘ஆர்மா 3’ போன்ற வீடியோ கேம் காட்சிகள். மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவும் இப்படி வீடியோ கேம் காட்சி நிஜத் தாக்குதலாகப் பரப்பப்படுவதைச் சுட்டிக்காட்டியது.

இது புதிதல்ல. உக்ரைன் போர்க்காட்சி என்று தங்கள் கேம் பரவுவதைப் பார்த்து, அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ், 2022 நவம்பரில் தானே முன்வந்து அடையாளம் சொல்லிக்கொடுத்தது. தெளிவே இல்லாத வீடியோ, தேவைக்கு மேல் ஆட்டம், இருட்டு, சத்தம் இல்லாமை, ஆட்கள் நடமாட்டம் இல்லாமை ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. கவனித்தால், இவை எல்லாம் ‘சுற்றியிருப்பதை’ மறைக்கும் வழிகள். பார்க்க எதுவும் இல்லாத இருட்டில் பொய்க்கு வசதி அதிகம்.

ஏஐ வந்தாச்சு, இனி என்ன?

சோரா, வியோ போன்ற ஏஐ கருவிகள் வந்தபிறகு, தண்ணீரில் பிரதிபலிப்பு, நிழல், சத்தம் என எல்லாவற்றையும் ஓரளவு சரியாகவே செய்துவிடுகின்றன. இப்போதைக்கு சில தடயங்கள் உண்டு. வீடியோ சில வினாடிகளில் முடிந்துவிடும், பின்னணிப் பெயர்ப்பலகையில் எழுத்து குழம்பும், கூட்டத்தில் நடப்பவர்கள் ஒருவருக்குள் ஒருவர் கரைவார்கள். சில கருவிகள் வாட்டர்மார்க் போடுகின்றன. ஆனால் அதை வெட்டிவிட்டுப் பரப்புபவர்களும் உண்டு. இந்தத் தடயங்களை மட்டும் நம்பி இருக்க முடியாது. அவை மாதா மாதம் குறைந்துகொண்டே வரும்.

ஏஐயால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. ஒரு வீடியோவை உருவாக்கலாம், ஒரு ஊரை உருவாக்க முடியாது. செல்யாபின்ஸ்கில் நடந்ததுபோல, டீக்கடை சிசிடிவி, பஸ் டிரைவரின் கேமரா, அடுத்த தெருக்காரரின் செல்போன் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில், அந்தந்தக் கோணத்துக்கு ஏற்றபடி ஒரு ஒளி பதிவாக வேண்டுமென்றால், அது நிஜமாகவே நடந்திருக்க வேண்டும். ‘இதை வேறு யார் பார்த்தார்கள்?’ என்ற கேள்விக்கு ஏஐ காலத்தில் மதிப்பு கூடியிருக்கிறது.

உங்கள் போனிலேயே செய்யலாம்: 6 சோதனைகள்

1. எங்கே, எப்போது, யார் எடுத்தது? அனுப்பியவரிடம் கேளுங்கள். ‘ஃபார்வர்டா வந்துச்சு’ என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தானே எடுத்ததாகச் சொன்னால், ஒரிஜினல் ஃபைலை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த இடம், நேரம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும்.

2. மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். ‘நேற்று இரவு’ என்று வரும் வீடியோ, பல ஆண்டுகளுக்கு முன் வேறு நாட்டில் எடுத்ததாக இருக்கும். கணினி இருந்தால் ‘இன்விட்’ என்ற இலவசக் கருவி வீடியோவை ஃப்ரேம்களாகப் பிரித்துக்கொடுக்கும்.

3. வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான்கு ஓரங்களையும் பாருங்கள். கட்டடமோ விளக்கோ கண்ணாடிப் பிம்பம்போல மடங்கித் தெரிகிறதா?

4. தூரத்து விளக்கு ஒன்றையும் மர்ம ஒளியையும் சேர்த்துக் கவனியுங்கள். கை ஆடும்போது இரண்டும் ஒரே அளவு, ஒரே திசையில் ஆட வேண்டும். விளக்கு இழுபட்டு மங்கும் ஃப்ரேமில் மர்ம ஒளி மட்டும் கூர்மையாக இருந்தால், அது பிறகு ஒட்டப்பட்டது.

5. இடமும் நேரமும் தெரிந்தால் வானத்தைச் சரிபாருங்கள். ‘ஸ்டெல்லேரியம்’ செயலி அந்த நேரத்தில் எந்தக் கிரகம், எந்த நட்சத்திரம் எங்கே இருந்தது என்று காட்டும். ‘ஃப்ளைட்ரேடார்24’ விமானங்களையும், ‘ஹெவன்ஸ் அபவ்’ செயற்கைக்கோள்களையும் காட்டும்.

6. அந்த ஊரில் வேறு யாராவது வீடியோ எடுத்தார்களா, உள்ளூர்ச் செய்தி வந்ததா என்று பாருங்கள். பலர் வீடியோ போட்டிருந்தால், அவை ஒரே வீடியோவின் நகலா, வேறு வேறு கேமராவா என்றும் பாருங்கள். ஜெருசலேமில் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

ஆறையும் தாண்டியும் விடை கிடைக்கவில்லையா? பரவாயில்லை. ‘விடை தெரியவில்லை’ என்றால் ‘ஏலியன்’ என்று அர்த்தமில்லை. தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் இவ்வளவு கவனம்?

2024 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ‘மர்ம டிரோன்கள்’ என்ற பீதி கிளம்பியது. சில வாரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் எஃப்பிஐக்கு வந்தன. மேற்கொண்டு விசாரிக்கத் தகுந்தவை சுமார் 100 மட்டுமே. மற்றவற்றில் விமானம், ஹெலிகாப்டர், அனுமதி பெற்ற டிரோன் எல்லாம் இருந்தன, நட்சத்திரமும் இருந்தது. மேரிலாந்து மாநில முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன், தன் வீட்டுக்கு மேலே டிரோன்கள் பறப்பதாக ஒரு வீடியோவைப் பகிர்ந்தார். அதில் தெரிந்தது ஓரியன் நட்சத்திரக் கூட்டம் என்று பார்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நம் திருவாதிரை நட்சத்திரம் இருக்கிறதே, அதே கூட்டம்தான்.

சிரிப்பு அத்தோடு முடிந்துவிடவில்லை. டிரோன் என்று நினைத்து ஜனங்கள் வானத்தை நோக்கி லேசர் அடிக்கத் தொடங்கினார்கள். லேசர் ஒளி நிஜ விமானங்களின் பைலட்டுகள் கண்ணில் படும் சம்பவங்கள் கூடுவதாக எஃப்பிஐ எச்சரிக்கை விட வேண்டி வந்தது. தரையிறங்கும் நேரத்தில் பைலட்டின் கண் சில வினாடி கூசினால் என்ன ஆகும்? தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் பாய்ச்சப்பட்டதாக 2025-இல் சென்னையிலும் புகார்கள் வந்தன. அந்த ஆபத்தை நம் ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வானத்தில் பார்ப்பதற்கு அதிசயங்கள் நிறைய இருக்கின்றன. விண்கல், ராக்கெட், செயற்கைக்கோள் ரயில் எல்லாமே வாயைப் பிளந்து பார்க்க வேண்டியவைதான். அடுத்த முறை அப்படி ஒன்றை நீங்களே பார்த்தால், ஜூம் செய்யாமல், ஒரு கட்டடமோ மரமோ ஃப்ரேமில் தெரியும்படி எடுங்கள். நேரத்தையும் எந்தத் திசை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். உங்கள் வீடியோ நிஜம் என்று மற்றவர்கள் சரிபார்க்க அது போதும். வேறு யாரோ எடுத்தது ஃபார்வர்டாக வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் குரூப்பில் ஒரே ஒரு வரி கேளுங்கள்: ‘இது எங்க, எப்போ, யார் எடுத்தது?’